வெளிநாட்டில் உணவகம் திறக்கும்போது ருசி கடைசிக் கவலைதான்

வெளிநாட்டில் கிளை திறப்பது என்று முடிவானதும் எல்லா உணவு நிறுவனங்களிலும் முதலில் கூடுவது சமையலறைக் கூட்டம். காரத்தைக் குறைக்கலாமா, உப்பைக் கூட்டலாமா, அந்த ஊருக்கு இனிப்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்ற பேச்சிலேயே மாதங்கள் ஓடிவிடும். கோழி வறுவலும் சோறும் விற்கும் ஒரு செயின் உணவகத்தில், புதுக் கிளைகளைத் திறந்துகொடுக்கும் குழுவில் பல வருடங்கள் இருந்தேன். டோக்கியோ, பெர்லின், துபாய், பாரிஸ் என்று போன இடங்களில் ருசியால் பெரிய சிக்கல் வந்ததே இல்லை. உள்ளூர்ச் சமையல்காரர் ஒருவர் கூட இருந்தால் சாஸை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். எங்களைத் திணறடித்ததெல்லாம் தட்டுக்கு வெளியே இருந்த விஷயங்கள். தண்ணீர் எப்போது வரும், பில்லை யார் கேட்பது, தனியாக வந்தவர் எங்கே உட்காருவார், எத்தனை மணிக்குப் பசிக்கும்.

இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். கேட்டால் பதில் வராது. யாரும் மறைப்பதில்லை. பிறந்ததிலிருந்து செய்துவரும் ஒன்றைப் பழக்கம் என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றாது, அவ்வளவுதான். சந்தை ஆய்வு அறிக்கைகளிலும் இது வராது, ஏனென்றால் அதை எழுதுகிறவரும் அந்த ஊர்க்காரர்தான்.

அதனால் புது ஊரில் இறங்கியதும் நான் முதலில் போய் உட்காருவது, கடை வரப்போகும் தெருவில் நன்றாக ஓடும் ஏதாவது ஒரு சாதாரண உணவகத்தில். மதியக் கூட்டத்தில் ஒரு முறை, நாலு மணிக்குக் கடை ஈயாடும்போது ஒரு முறை, இரவு நாற்காலிகளை ஏற்றும் நேரத்தில் ஒரு முறை. நாம் விற்கும் உணவையே விற்கும் கடையாக இல்லாதது நல்லது, இல்லையென்றால் கண் சாப்பாட்டை விட்டு நகராது. கேட்காமலே மேஜைக்கு வருவது எது, கேட்டால் மட்டும் வருவது எது, கேட்டாலும் வராதது எது என்று மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொண்டே வந்தால், ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் காசில் பாதியை மிச்சப்படுத்தலாம். சுத்தம் செய்கிறவர் தட்டுகளை எடுத்துப் போகும் வழியில் இடம் பிடித்தால் இன்னும் நல்லது. எது மிஞ்சுகிறது என்று தெரியும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். டோக்கியோவில் உட்கார்ந்த உடனே ஐஸ் போட்ட தண்ணீரும் கை துடைக்க ஈரத்துணியும் வந்துவிடும், காசு கிடையாது. பெர்லினில் தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வரும், பில்லிலும் ஏறும். பாரிஸில் ஜாடித் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும், அப்படிக் கேட்கலாம் என்பதை மெனுவிலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதி வைக்க வேண்டும் என்று 2022இலிருந்து சட்டமே இருக்கிறது. எங்கள் தலைமை அலுவலகத்தின் வரவு செலவுத் திட்டத்தில் மூன்று ஊருக்கும் பான விற்பனை ஒரே விகிதத்தில் போடப்பட்டிருந்தது. காரமான கோழி சாப்பிடுகிறவர் நிறையக் குடிப்பார் என்பது கணக்கு. குடித்தார்கள், உண்மை. பெர்லினில் அது வருமானம். டோக்கியோவில் அது ஓர் ஊழியர் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடக்கும் செலவு. கடைசியில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு ஜாடியை வைத்து அவரை விடுவித்தோம். ஆனால் பானத்தில் வரவேண்டிய லாபத்தைச் சாப்பாட்டு விலையில் ஏற்ற வேண்டியிருந்தது. அதை முதலிலேயே செய்திருந்தால் விலை ஏறியது யாருக்கும் தெரிந்திருக்காது.

பெர்லினில் வேறு கதை. அங்கே கேட்காமல் பில்லைக் கொண்டுபோய் வைத்தால், எழுந்து போ என்று சொன்ன மாதிரி. கேட்டபிறகு பரிமாறுகிறவர் கேட்கும் முதல் கேள்வி, சேர்த்தா தனித்தனியா என்பது. அலுவலகத்திலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து வருவார்கள், எட்டுப் பேரும் தாங்கள் சாப்பிட்டதை மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். எங்கள் பில் மென்பொருளுக்கு மேஜை தெரியும், ஆள் தெரியாது. மொத்தத்தை எட்டால் வகுக்கத்தான் அதற்கு வரும். மதிய வேளையில் ஒரு மேஜைக்குப் பில் போடும் நேரத்தில் அடுத்த கூட்டம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். பரிமாறும் பெண் ஒருவர் காகிதத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கட்டம் போட்டு, அதில் எழுதிக் கூட்டித் தள்ளினார். மென்பொருள் மாறும்வரை கடை அந்தக் காகிதத்தில்தான் ஓடியது. புது நாட்டில் மெனுவை ருசி பார்க்க ஆள் கூப்பிடுவதற்கு முன்னால், அந்த ஊரில் கல்லாவில் வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு பில் இயந்திரத்தை அரை நாள் கையில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

டோக்கியோவில் கல்லாவுக்கு இன்னொரு வேலை உண்டு. 2019 அக்டோபரிலிருந்து அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் விற்பனை வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8. ஆர்டர் எடுக்கும்போதே எங்கே சாப்பிடப் போகிறார் என்று கேட்டாக வேண்டும். எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவரை என்ன செய்வது? எங்கள் ஆட்கள் விதியைக் காட்டி வித்தியாசத்தை வசூலிக்கலாம் என்றார்கள். உள்ளூர் மேலாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், வசூலிக்கவே இல்லை. சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு சதவீதத்துக்காக ஒருவரை எல்லார் எதிரிலும் பொய்யராக்குவதைவிட அந்தக் காசை விட்டுவிடலாம்.

அந்த மேலாளரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். திறப்பு விழாவுக்கான பெரிய சுவரொட்டி தலைமை அலுவலகத்திலிருந்து அச்சாகி வந்திருந்தது. கிண்ணம் நிறையச் சோறு, அதன்மேல் கோழி, சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிற்கும் இரண்டு சாப்ஸ்டிக். நல்ல வெளிச்சத்தில் எடுத்த அழகான படம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “படம் ரொம்ப நன்றாக இருக்கிறது. வேறு கோணத்தில் எடுத்தது ஏதாவது இருக்கிறதா?” என்றார். இல்லை என்றதும், “அப்படியா, சற்று யோசிக்கலாம்” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. எங்களில் பாதிப் பேர் அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கடை அலங்காரம் செய்ய வந்த இளைஞர்தான் சொன்னார், சோற்றில் சாப்ஸ்டிக்கை அப்படிக் குத்தி வைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை என்று. கிட்டத்தட்டக் கருமாதி இலையைப் போட்டு வாருங்கள் என்று அழைத்திருப்போம். மேலாளர் தன்னால் முடிந்தமட்டும் சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறார். ஜப்பானில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, ‘யோசிக்கலாம்’ என்றால் வேண்டாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதே சிக்கல் ருசி சோதனையிலும் வந்தது. டோக்கியோவில் ஆட்களை அழைத்துச் சாப்பிடக் கொடுத்து மதிப்பெண் கேட்டால் எல்லாத் தாளிலும் ஐந்துக்கு நாலு. எல்லாருக்கும் ருசியாக இருந்தது, எல்லாரும் நன்றி சொன்னார்கள். பெர்லினில் அதே தாளை நீட்டினால் சாஸ் அதிக இனிப்பு, கோழி பரவாயில்லை, இவ்வளவு சோறு எதற்கு என்று வரிசையாக எழுதித் தருவார்கள், அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்து அதையே சாப்பிடுவார்கள். இரண்டு ஊரின் மதிப்பெண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டுப் பார்த்த எங்கள் மேலிடம், டோக்கியோவில் பிய்த்துக்கொண்டு போகும், பெர்லின் தேறாது என்ற முடிவுக்கு வந்திருந்தது. மதிப்பெண் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, திரும்பி வந்த கிண்ணங்களை எடைபோட ஆரம்பித்தோம். தட்டில் மிச்சம் வைப்பதை நல்ல பழக்கமாக நினைக்காத ஊரில் ஒருவர் சோற்றில் மூன்றில் ஒரு பங்கை விட்டுப் போகிறார் என்றால் அதைவிடப் பெரிய புகார் கிடையாது. கேள்வியையும் மாற்றினோம். ‘பிடித்ததா’ என்று கேட்பதை விட்டு, ‘இதை உங்கள் அலுவலகத்தில் யாரை அழைத்துவந்து சாப்பிட வைக்க மாட்டீர்கள்’ என்று கேட்டோம். மேலதிகாரியை அழைத்துவர மாட்டேன், கையால் எடுத்துக் கடிக்க வேண்டியிருக்கிறது என்றார் ஒருவர். எலும்பில்லாத கோழி அந்தக் கிளையின் மெனுவில் வந்தது அந்த ஒரு பதிலால்தான்.

துபாய்க்குப் போனபோது எல்லாருக்கும் ஹலால் தெரியும் என்ற தெம்பு இருந்தது. கோழிக்குச் சான்றிதழ் முதல் வாரமே கையில். இழுத்தடித்தது கோழியில்லாத பொருட்கள். மசாலாவில் ஊறவைக்கும் கலவையில் அரிசி ஒயின் இருந்தது. இனிப்பில் ஊற்றும் வெனிலா எசன்ஸ் ஆல்கஹாலில் கரைத்தது. புட்டிங்கில் ஜெலட்டின், அது எந்த விலங்கினுடையது என்று சப்ளையருக்கே தெரியவில்லை. பன்னின் மேல் தூவும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அதைத் தெரியாமல் கொண்டுபோவது சமையல் தவறோடு நிற்காது, சட்டச் சிக்கல் வரை போகும். மூலப்பொருளின் மூலப்பொருள் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் உதாரணம் இந்தோனேசியாவில் 2001இல் அஜினோமோட்டோவுக்கு நடந்தது. அந்தச் சுவையூட்டியை உண்டாக்கும் நுண்ணுயிரிகளை வளர்க்கும் ஊட்டப்பொருளைத் தயாரிக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டது என்று தெரியவந்து, கடைகளில் இருந்த சரக்கையெல்லாம் திரும்பப் பெற வேண்டிவந்தது. அந்த நொதி சமையலறைக்குப் பல படிகள் முன்னால் இருந்த பொருள். சப்ளையரிடம் வெறும் ‘ஹலால்தானே’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். ஒவ்வொரு உட்பொருளும் எதிலிருந்து வந்தது, எதில் கரைத்தது என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

அப்புறம் ரமலான். அதைப் பற்றி வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைப்பது, பகலில் வியாபாரம் இருக்காது என்பது. அது பாதிதான். மற்ற நாளில் ஆறு மணி நேரத்துக்குப் பரவி வரும் கூட்டம் சூரியன் மறையும் ஒரே நிமிடத்தில் வந்து உட்காரும், அந்த நிமிடத்தில் எல்லார் முன்னாலும் தட்டு இருக்க வேண்டும். ஆர்டர் வந்தபின் பொரிப்பது எங்கள் பெருமை. இஃப்தாருக்கு அந்தப் பெருமை உதவாது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவரிடம் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று சொல்ல முடியுமா? முன்பதிவு, நிலையான மெனு, பேரீச்சம்பழமும் தண்ணீரும் சூப்பும் முன்னதாகவே மேஜையில், தொழுதுவிட்டு வருகிறவருக்குச் சூடாகக் கோழி என்று அந்த ஒரு மாதத்துக்குச் சமையலறையின் ஓட்டத்தையே மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அந்த மாதம் தினமும் இரண்டு மணி நேரம் வேலை குறைவு என்பது சட்டம். ஆட்கள் அதிகம் தேவைப்படும் நேரத்தில் ஷிப்ட் சுருங்கும், அதற்கேற்ப ஆள் எடுக்க வேண்டும். பகலில் கடை முன்னால் திரை கட்ட வேண்டும் என்று பழைய கையேடு சொல்லிக்கொண்டிருந்தது. துபாயில் 2021இலேயே அந்தக் கட்டாயம் போய்விட்டது. வெள்ளி, சனி என்றிருந்த வார விடுமுறை 2022 ஜனவரியில் சனி, ஞாயிறாகவும் வெள்ளி அரை நாளாகவும் மாறியது. அதற்கு முந்தைய வருடங்களின் விற்பனைக் கணக்கைப் பார்த்து வெள்ளிக்கிழமைக்கு ஆள் போட்டவர்கள் நிறையப் பேர். கலாசாரம் என்றாலே காலங்காலமாக மாறாமல் இருப்பது என்று நினைத்து நாலு வருடத்துக்கு முந்தைய குறிப்பை வைத்துக் கடை நடத்தக் கூடாது.

பாரிஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எங்கள் முறையே காகிதப் பெட்டி. பாத்திரம் கழுவும் இடமே எங்கள் சமையலறை வரைபடத்தில் கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து பிரான்சில் ஒரே நேரத்தில் 20 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகங்கள், உள்ளே சாப்பிடுகிறவர்களுக்குக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரத்தில்தான் கொடுக்க வேண்டும். பாரிஸ் வாடகையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு இடம் ஒதுக்குவது என்றால் நாலு நாற்காலியை விட்டுக்கொடுப்பது. தட்டு வந்தபிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பெட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தபோதும் பலர் சாலட்டை முதலில் முடித்துவிட்டுத்தான் கோழிக்கு வந்தார்கள், அதற்குள் அது ஆறிப்போயிருந்தது. கோழி சூடாக இல்லை என்ற புகாருக்கு நாங்கள் எண்ணெயின் வெப்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோம். சாலட்டை முன்னால் கொடுத்ததும் புகார் நின்றது.

மேலாண்மை வகுப்புகளில் அதிகம் சொல்லப்படும் கதை ஜப்பானில் கேஎஃப்சி. 1974இல் கிறிஸ்துமஸுக்குக் கோழி என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள், இன்றுவரை டிசம்பரில் முன்பதிவு செய்து வாங்குகிறார்கள். விளம்பரத்தின் மாயம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் அங்கே அரசு விடுமுறை இல்லை, அன்றைக்கு இன்னதுதான் சாப்பிட வேண்டும் என்று வீட்டில் வழிவழியாக வந்த சமையலும் இல்லை. இலையில் ஓர் இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தார்கள். ஜப்பானியப் புத்தாண்டுக்கு இதைச் செய்து பார்த்திருந்தால் நடந்திருக்காது. அதற்கென்று ஒசேச்சி என்ற புத்தாண்டுச் சாப்பாடு உண்டு, ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு.

இதற்கு மறுபக்கம் இத்தாலியில் டோமினோஸ். 2015இல் போனார்கள், 2022இல் கடைகளை மூடிவிட்டார்கள். பீட்சாவின் ஊரிலேயே பீட்சாவா என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பார்த்த காலியிடம் ருசியில் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதில். போன சமயத்தில் அது ஓரளவு உண்மையும்கூட. கொரோனாக் காலத்தில் தெருமுனைக் கடைகள் எல்லாம் டெலிவரி செயலிகளில் சேர்ந்ததும் அந்த இடம் நிரம்பிவிட்டது, மிஞ்சியது ருசிப் போட்டி மட்டும். ஸ்டார்பக்ஸ் 2008இல் ஆஸ்திரேலியாவில் 61 கடைகளை மூடியதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப்பின் குடியேறிய இத்தாலியர்களும் கிரேக்கர்களும் அங்கே ஏற்கெனவே நல்ல எஸ்பிரஸோவையும் உட்கார்ந்து பேசும் காபிக்கடையையும் கொடுத்திருந்தார்கள். ஒரு நாட்டுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, அந்த ஊர்க்காரரின் வாரத்தில் எந்த வேளை காலியாக இருக்கிறது, அதை இப்போது அவர் எதைக்கொண்டு ஒப்பேற்றுகிறார் என்பதுதான். இதற்குப் பதில் இல்லாமல் ‘எங்கள் ருசி வேறு’ என்று மட்டும் சொல்கிறவரை நான் உற்சாகப்படுத்துவதில்லை.

ஊழியர்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் பெரிய நிறுவனங்களும் முரண்டு பிடிக்கும். எங்கள் கையேட்டில் வாடிக்கையாளர் நுழைந்ததும் எல்லாரும் சேர்ந்து உரக்க வரவேற்க வேண்டும் என்று இருந்தது. டோக்கியோவில் அது சாதாரணம், நாங்கள் சொல்லித்தரவே வேண்டியதில்லை. பெர்லினில் ஒரு ஊழியர் நேராகவே சொன்னார்: “இது எனக்கும் கூச்சமாக இருக்கிறது, வருகிறவருக்கும் கூச்சமாக இருக்கிறது.” அவரை ஒத்துழைக்காதவர் என்று குறித்தார் எங்கள் பயிற்சியாளர். அந்த ஊரில் நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை, சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொள்வதுதான் குறை. டோக்கியோவிலோ தவறு செய்த ஊழியரை மற்றவர் எதிரில் திருத்தினால் அவர் மட்டும் இல்லை, பக்கத்தில் நின்றவரும் மனசு விட்டுப் போவார். தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும், அதையும் அடுத்த முறை எப்படிச் செய்யலாம் என்ற பேச்சாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது. கையேட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் உள்ளூர் மேலாளரிடம் கொடுத்துவிடுவது. பொரித்த கோழியின் உள்வெப்பம், பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, கை கழுவுவது, ஒவ்வாமைத் தகவல், மூல மசாலாக் கலவை ஆகிய பக்கங்களில் பேனா படக்கூடாது. மற்ற எதையும் அடிக்கலாம், காரணம் மட்டும் ஓரத்தில் எழுத வேண்டும். பெர்லின் மேலாளர் முதல் நாளே வரவேற்புப் பக்கத்தை முழுசாக அடித்துவிட்டு, ஓரத்தில் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதினார். டோக்கியோவில் ஒரு மாதம் ஒரு கோடுகூட விழவில்லை. ஊழியர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, அடிக்க வேண்டியதை யார் எழுதியது என்று தெரியாமல் சீட்டில் எழுதிப் போடச் சொன்னபிறகு பெட்டி நிரம்பியது. அதில் பாதிக்குமேல் இருக்கைகளைப் பற்றி. தனியாக வருகிறவர்கள் நாலு பேர் மேஜையில் உட்காரச் சங்கடப்பட்டுத் திரும்பிப் போகிறார்கள், சுவரைப் பார்த்த வரிசை இருக்கை வேண்டும் என்று.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது உள்ளூர்ப் பங்குதாரரோடு போடும் ஒப்பந்தத்திலும் வர வேண்டும், வாய்ப்பேச்சில் விட்டால் திறந்த மூன்றாம் மாதமே யார் பெரியவர் என்ற சண்டையாகிவிடும். நாங்கள் பின்னாளில் போட்ட ஒப்பந்தங்களில் மெனுவை மூன்றாகப் பிரித்தோம். எந்த நாட்டிலும் மாறாத சில பண்டங்கள், அளவையும் பரிமாறும் விதத்தையும் மட்டும் மாற்றக்கூடியவை, உள்ளூர் ஆட்களே உருவாக்கும் பண்டங்கள். மூன்றாவதற்குத் தலைமை அலுவலகம் பத்து நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அது ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் எங்கள் சட்டப் பிரிவில் பெரிய எதிர்ப்பு. எலும்பில்லாத கோழிக்கு எத்தனை மாதம் மின்னஞ்சல் போய்வந்தது என்று எடுத்துக் காட்டியபிறகு கையெழுத்துப் போட்டார்கள்.